கொண்டைக்குக் கீழே

அட்டைப் பெட்டிக்குள் இரண்டு சின்னக் குப்பிகள் இருந்தன. ஒன்றில் மை போலக் கறுப்பாக ஒரு திரவம். இன்னொன்றில் இருந்தது பார்க்கத் தண்ணீர் மாதிரி. மேலே 'டெவலப்பர்' என்று ஒட்டியிருந்தது. கூடவே நாலாய் மடித்த ஒரு தாள், அதில் எறும்பு ஊர்ந்த மாதிரி இங்கிலீஷ் எழுத்து. காஞ்சிபுரத்து ஃபேன்ஸி ஸ்டோர்காரர் அதைப் பழைய பேப்பரில் சுற்றி, நான் ஏதோ திருட்டுச் சரக்கு வாங்குவது போல என் முகத்தைப் பார்க்காமலேயே நீட்டினார். நான் குடியிருந்த சுங்குவார்சத்திரத்திலேயே ஒரு கடையில் அது கிடைத்தது. ஆனால் அந்தக் கடைக்காரரின் மூன்று பிள்ளைகளுக்கும் தடுப்பூசி போட்டவள் நான். அவரிடம் போய்த் தலைச்சாயம் கேட்பதற்குப் பதில் மொட்டை அடித்துக்கொண்டு போய்விடலாம்.

எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. எண்பதுகளின் தொடக்கம். ஸ்ரீபெரும்புதூர் சாலையோரம் ஒன்றிரண்டு கம்பெனிகள் வந்திருந்தன. ஒரகடம் பக்கம் இன்னும் ஏரியும் வேர்க்கடலைக் கொல்லையும்தான். நான் சுகாதார நர்ஸ். ஐஸ் போட்ட தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸிலும் நடையிலுமாக ஊர் ஊராகப் போவேன். பிரசவம் பார்ப்பேன், காதில் சீழ் வந்த பிள்ளைகளுக்குக் காது கழுவுவேன், கேட்காதவர்களுக்கும் புத்தி சொல்லுவேன். என் பேரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. 'நர்ஸம்மா' என்றால் போதும், மாட்டுக்கொட்டகையில் இருந்தாலும் எழுந்து வருவார்கள். அப்பா அம்மா இரண்டு பேரும் போய்விட்டார்கள். அண்ணன் வேலூரில் தன் குடும்பத்தோடு இருந்தார். கிறிஸ்துமஸுக்குக் கார்டு வரும்.

நரை எனக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. முன்நெற்றியில் இரண்டு, காதோரத்தில் நாலு என்று ஆரம்பித்து, முப்பத்தைந்தில் சீப்பை வைத்து மறைக்க முடியாத அளவுக்கு ஆயிற்று. முந்தின வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு பெட்டி வாங்கி, முன்பக்கத்துக்கு மட்டும் பூசிக்கொண்டு, மீதியைக் குப்பிகளிலேயே மூடி அலமாரியில் வைத்திருந்தேன். பின்னால் எவ்வளவு நரைத்திருந்தது என்று எனக்குத் தெரியாது. தலையை வாரி இறுக்கிக் கொண்டை போடுகிறவள். கையில் இருந்தது முகம் பார்க்கும் ஒரே ஒரு கண்ணாடி. பின்னந்தலையைப் பற்றிச் சொல்ல வீட்டில் ஒரு ஆள் வேண்டும். என் வீட்டில் பேசுகிற ஒரே ஆள் ரேடியோ.

மே மாதத்தில் ஒரு நாள் பாஸ்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். எங்கள் சபையில் யாருக்குக் கல்யாணம் ஆகவில்லை, யாருக்கு இன்னொரு கல்யாணம் தேவை என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில்.

"குன்றத்தூர்ல ஒருத்தர் இருக்காரு. ஸ்ரீபெரும்புதூர் கம்பெனில ஸ்டோர் பாக்கறாரு. நாப்பத்தஞ்சு வயசு. சம்சாரம் தவறி ரெண்டு வருசமாகுது, புள்ள இல்ல. ஞாயித்துக்கிழம ஆராதனை முடிஞ்சு நம்ம வூட்டுக்கு வரச் சொல்லியிருக்கேன். நீ என்ன சொல்றே?"

"வரட்டும்" என்றேன், தபால் வரட்டும் என்பது போல. மனசு அப்படி இல்லை. இதற்கு முன்னால் வந்த இரண்டு இடமும் வயசைக் கேட்டதும் நழுவிப் போயிருந்தன. இதுவும் போனால் இனி பாஸ்டரம்மாவே வாயைத் திறக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். கடைசி வரைக்கும் அந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே ஒரு டம்ளர், ஒரு தட்டோடு இருந்துவிட்டுப் போவதா என்பதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு. மறுநாளே காஞ்சிபுரம் பஸ் ஏறிப் புதுப் பெட்டி வாங்கி வந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டேன். தாளில் எழுதியிருந்ததை எல்லாம் ஒழுங்காகவே செய்தேன். முதல் தடவை வாங்கியபோதே காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்து ஒரு நாள் முழுக்கப் பார்த்தவள் நான். வியாழக்கிழமை மறுபடியும் வைத்துப் பார்த்திருந்தேன். எவர்சில்வர் கிண்ணத்தில் கலக்கக் கூடாது என்றிருந்தது, சோப்பு டப்பாவின் பிளாஸ்டிக் மூடியில் கலந்தேன். கறுப்பு ஒரு பங்கு, டெவலப்பர் ஒரு பங்கு. கலந்தால் கொஞ்சமாகக் கலக்க வேண்டும், மீந்ததை வைத்திருந்து பூசக் கூடாது. ஆஸ்பத்திரிக் கையுறையை மாட்டிக்கொண்டு பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் வேரிலிருந்து இழுத்தேன். கண்ணில் நீர் வருகிற மாதிரி ஒரு நெடி. கறுப்பு தனியாக ஒன்றும் செய்யாது. பக்கத்தில் இந்தத் தண்ணீர் மாதிரி இருக்கிறவன் சேர்ந்தால்தான் முடியில் பிடிக்கும்.

பாதித் தலை ஆவதற்குள் வாசலில் வீட்டுக்கார அம்மாவின் குரல் கேட்டது. முன்கட்டில் குடியிருந்தார், நிலம், மாடு, இரண்டு மருமகள்கள் என்று பெரிய குடும்பம்.

"இன்னா நர்ஸம்மா, பட்டப்பகல்ல கதவ சாத்திகினு இன்னா பண்றே? மோர் கொண்டாந்துகீறேன்."

"தலவலிம்மா. படுத்திருக்கேன். வாசல்ல வச்சிடுங்க."

"தைலம் எதுனா தேச்சி உடட்டா?"

"வேணாம்மா. தூங்கினா போயிடும்."

செம்பை வைக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருந்துவிட்டுப் போனார். கதவைத் திறந்து, 'அம்மா, பின்னால எனக்கு எட்டல, கொஞ்சம் பூசி விடுங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஊரிலுள்ள பெண்களின் கர்ப்பப்பை வரைக்கும் தெரிந்தவள், என் தலைமுடி விஷயம் அவருக்குத் தெரியக் கூடாது என்று நினைத்தேன். வீம்புக்கு வேறு பேர் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

பிடரிக்கு வரும்போது புதுப் பெட்டி தீர்ந்துவிட்டது. என் முடி அவ்வளவு அடர்த்தி. அலமாரியில் இருந்த பழைய குப்பிகளை எடுத்தேன். இரண்டிலும் பாதிக்கு மேல் இருந்தது. டெவலப்பர் மூடி சரியாகத் திருகாமல் கோணலாக நின்றிருந்தது. கிறிஸ்துமஸிலிருந்து மே வரைக்கும் கூரைச் சூட்டில் வெந்திருக்கிறது. எதையும் யோசிக்காமல் கலந்து, கையைப் பின்னால் வளைத்து, குருடி கோலம் போட்ட மாதிரி தடவிக்கொண்டேன். தொட்டுப் பார்த்தேன், ஈரமாக இருந்தது. சரி என்று விட்டுவிட்டேன்.

அரை மணி கழித்துத் தலைக்கு ஊற்றினேன். உலர்ந்ததும் கண்ணாடியில் பார்த்தால் எனக்கே என்னை அடையாளம் தெரியவில்லை. நர்ஸிங் படிக்கப் போன நாளில் போட்டோ ஸ்டுடியோவில் உட்கார்ந்த பெண் திரும்பி வந்திருந்தாள். அன்றைக்கு ராத்திரி சாப்பிடக்கூட இல்லை, அத்தனை சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எப்போதும் போலப் பெண்கள் எல்லாரும் முந்தானையால் தலையை மூடி உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு அது வழக்கம். ஜெபம் என்றால் தலையில் முக்காடு. ஆராதனை முடிந்து பாஸ்டர் வீட்டுக் கூடத்திலும் முதலில் ஒரு ஜெபம். ஆமென் சொன்னதுதான் தாமதம், நான் முக்காட்டை இறக்கிவிட்டேன். மற்ற நாளில் இறக்க மறந்து அப்படியே கடைக்குக்கூடப் போயிருக்கிறேன். அன்றைக்கு என் கறுப்புத் தலையை நாலு பேர் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

குன்றத்தூரிலிருந்து வந்தவர் எதிரே உட்கார்ந்திருந்தார். ஒல்லியாக, கழுத்துப் பட்டை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில். தலை எண்ணெய் வைத்து வாரி, நல்ல கறுப்பு. நெற்றி ஓரத்தில் மட்டும் தோலில் லேசாக ஒரு கறை தெரிந்தது. பாஸ்டரம்மா கொடுத்த தண்ணீர் டம்ளரை வாங்கியபோது நகக்கண்களில் கறுப்பு. கம்பெனி கிரீஸாக இருக்கும் என்று நினைத்தேன். ஸ்டோரில் உட்கார்ந்து சாமான் எடுத்துக் கொடுக்கிறவருக்கு ஏது கிரீஸ் என்று தோன்றவில்லை.

பாஸ்டர் கேட்டதற்கெல்லாம் ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தையில் பதில் சொன்னார். சமையல் யார் என்றதற்கு, "நானேதான்" என்றார். பிறகு கேட்காமலே ஒன்று சொன்னார்.

"மத்த நாள்ல ஷிப்ட் இருக்குதுங்க, ஓடிடுது. ஞாயித்துக்கிழமதான் கஷ்டம். கோயில் முடிஞ்சு வூட்டுக்குப் போனா, சாயங்காலம் வரைக்கும் பேசறதுக்கு ஆள் இருக்காது."

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, டம்ளரைப் பார்த்துச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். துவைத்ததையே திரும்பத் துவைத்திருக்கிறேன். 'எனக்கும் அப்படித்தாங்க' என்று சொல்ல வாய் வந்தது. பெண் பார்க்க வந்த இடத்தில் முந்திக்கொண்டு பேசக் கூடாதென்று அடக்கிக்கொண்டேன். அந்த நிமிஷமே இந்த மனுஷனைக் கட்டிக்கொள்வது என்று தீர்மானித்துவிட்டேன்.

"காபி எடுத்துட்டு வாம்மா" என்றார் பாஸ்டரம்மா. எழுந்து, அவர்களுக்கு முதுகைக் காட்டி நிமிர்ந்து உள்ளே நடந்தேன். அடுப்படியிலிருந்து திரும்பி வந்தபோது பாஸ்டரம்மா எழுந்த இடத்திலேயே திரும்ப உட்கார்ந்துகொண்டிருந்தார். என்னை ஒரு மாதிரி பார்த்தார். வந்தவர் காபியை வாங்கிக்கொண்டு, "நல்லா இருக்குதுங்க" என்றார். அப்போதுதான் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். கண்ணில் ஒரு சிரிப்பு இருந்தது, நல்ல சிரிப்பு. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பன்னிரண்டு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினார். நாங்கள் வாசல் வரைக்கும் வந்தோம். கும்பிட்டுவிட்டுத் திரும்பி, கேட் பக்கம் நடந்தார்.

பின்னந்தலை முழுக்க வெள்ளை. ஒரு காதிலிருந்து இன்னொரு காது வரைக்கும், அளந்து கோடு போட்ட மாதிரி, முன்னால் கறுப்பு, பின்னால் பஞ்சு. நடுப் பிடரியில் மிளகு அளவுக்கு ஒரு மரு, அதைச் சுற்றிலும் நரை. கை எட்டிய வரைக்கும் பூசியிருக்கிறார்.

நான் சிரித்துவிட்டேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே சிரிப்பை விழுங்கத் தெரியாது. சாவு வீட்டில் சிரித்து அடி வாங்கியிருக்கிறேன். ஆனால் இது கேலி இல்லை. 'அட, நீங்களும் தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டுதானா?' என்ற சிரிப்பு. என் ஜாதிக்காரரைக் கண்டுகொண்ட சந்தோஷம். அவருக்கு அது எப்படித் தெரியும்? சத்தமாக, வாய்விட்டு ஒரு சிரிப்பு முதுகில் போய் விழுந்தால் யாராக இருந்தாலும் ஒன்றுதான் நினைப்பார்கள்.

அவர் நின்றார். கை மெதுவாகப் பிடரிக்குப் போயிற்று. கழுத்துப் பட்டையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். திரும்பிப் பார்க்கவில்லை. கேட்டைத் திறந்து, திரும்பவும் ஒழுங்காகக் கொக்கி மாட்டிவிட்டுப் போனார்.

"எதுக்குடி சிரிச்சே?" பாஸ்டரம்மா என் தோளைப் பிடித்துத் திருப்பினார். அவர் என்னை 'டி' போட்டது அதுதான் முதல் தடவை. "உன் பின்னால பாத்தியா நீ? கொண்டைக்குக் கீழ அவ்வளவும் வெள்ளையா கீது. நீ காபி எடுக்கப் போனியே, அப்பவே பாத்துட்டாரு. நான் உள்ள வந்து உனக்குச் சொல்லலாம்னு எழுந்தேன். அவருதான், 'சொல்லாதீங்கம்மா, பாவம், சங்கடப்படுவாங்க'ன்னு என்னை உக்கார வச்சாரு."

நான் என் பிடரியைத் தொட்டுப் பார்த்தேன். தொட்டால் தெரியவா போகிறது?

அவர் பார்த்துவிட்டுச் சொல்லாமல் இருந்தார். நான் பார்த்துவிட்டுச் சிரித்தேன். இத்தனை வருஷத்தில் இதை எத்தனையோ விதமாகத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்துவிட்டேன், இதற்கு மேல் ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக இரண்டு டெவலப்பர் குப்பிகளையும் எடுத்தேன். முதல் நாள் அரிவாள்மணையில் விரல் வெட்டிக்கொண்டிருந்தேன். புதுக் குப்பியின் அடியில் ஒட்டியிருந்த இரண்டு சொட்டை அந்தக் காயத்தில் விட்டேன். வெள்ளையாக நுரைத்துக்கொண்டு எரிந்தது. துடைத்துவிட்டுப் பழைய குப்பியிலிருந்து விட்டேன். சும்மா தண்ணீராக வழிந்து தரையில் சொட்டியது. நாங்கள் காது கழுவுகிற ஹைட்ரஜன் பெராக்சைடும் இதே சரக்குதான். நுரைக்காவிட்டால் செத்துப்போன மருந்து, கொட்டிவிட்டு வேறு எடு என்று எத்தனை ஆயாக்களைத் திட்டியிருக்கிறேன். ஊருக்குத்தான் உபதேசம்.

தலையை முழங்காலில் வைத்து அழுதுகொண்டிருந்தபோது வீட்டுக்கார அம்மா வந்துவிட்டார். கதவைச் சாத்த மறந்திருந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. என்னைத் திருப்பி உட்கார வைத்துக் கொண்டையை அவிழ்த்துப் பார்த்தார்.

"இது எப்பவோ வெள்ளையா பூட்ச்சே நர்ஸம்மா. ரெண்டு வருசமா நான் பாத்துகினுதான் கீறேன்."

"ஏம்மா சொல்லல?"

"தன் முதுவு தனக்குத் தெரியாதுன்னு சொல்றதில்ல? நீ படிச்சவ, தெரிஞ்சுதான் உட்டுட்டேன்னு நெனச்சேன். நேத்து ஒரு கொரல் குடுத்திருந்தீன்னா பூசி உட்டிருப்பேனே. மோர் செம்ப வெச்சிகினு எம்மா நேரம் நின்னேன்."

பாஸ்டரம்மாவிடம் கெஞ்சி, நடந்ததை அவரிடம் எடுத்துச் சொல்லச் சொன்னேன். இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. "எல்லாம் சொன்னேன். 'அவங்க நல்லவங்கதாம்மா. ஆனா என் முதுகுக்குப் பின்னால சிரிப்புச் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்குது'ன்னு சொல்லிட்டாரு." நானே ஒரு கடிதம் எழுதினேன். 'உங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை, நம்மைப் பார்த்துச் சிரித்தேன்' என்று ஒரு வரி. 'நம்மை' என்று எழுத எனக்கு என்ன உரிமை என்று தோன்றிக் கிழித்துப் போட்டுவிட்டேன். அனுப்பியிருக்க வேண்டும். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு நான் சாயம் பூசவில்லை. முன்பக்கமும் மெல்ல மெல்ல வெளுத்துப் பின்பக்கத்தோடு சேர்ந்துகொண்டது. ஊரில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

ஒன்றரை வருஷம் போயிருக்கும். ஒரு நாள் காலையில் பூந்தமல்லி போகிற பஸ்ஸில் தடுப்பூசிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிசைக்கு முந்தின சீட்டில் உட்கார்ந்திருந்தேன். ஸ்ரீபெரும்புதூரில் நைட் ஷிப்ட் முடிந்த ஆட்கள் ஏறினார்கள். பின்வாசல் வழியாக ஏறிய ஒருவர் என்னைத் தாண்டிப் போய் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார். ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு உடனே தூங்கிவிட்டார். முகத்தை நான் பார்க்கவில்லை. பிடரியில் அந்த மிளகு மருவைப் பார்த்தேன்.

மருவைச் சுற்றி அத்தனை முடியும் கறுப்பு. காதுக்குப் பின்னால், கழுத்து தொடங்குகிற இடம் வரைக்கும் ஒரே சீராக, ஒரு வெள்ளை விடாமல் பூசியிருந்தது. தோலில் எங்கேயும் கறை இல்லை. மருவின் மேல் ஒரு பொட்டுச் சாயம்கூடப் படவில்லை. ஒரு ஆள் பின்னால் உட்கார்ந்து, முடியை விரலால் ஒதுக்கி, மருவை விட்டுச் சுற்றிக்கொண்டு வந்தால்தான் அப்படி முடியும். தன் கையால் யாரும் அவ்வளவு சுத்தமாகப் பூசிக்கொள்ள முடியாது.

நன்றாக இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இனி அவருக்குக் கஷ்டம் இருக்காது. ஆனால் என் சீட்டுக்குப் பின்னால் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள், அது திடீரென்று ஞாபகம் வந்தது. முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டேன்.

"இன்னா நர்ஸம்மா, வெயிலா கீதா?" என்றாள் பக்கத்தில் இருந்த பெண். அவள் பிள்ளைக்குப் போன மாதம்தான் நான் ஊசி போட்டிருந்தேன்.

"ஆமாம்மா" என்றேன். வெயில் பஸ்ஸின் அந்தப் பக்கம் அடித்துக்கொண்டிருந்தது.